இந்தக் கம்பி எந்தப் பாகம்? வண்டியை எடுக்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் இருக்கிறேன். எங்களுடையது 2015ல் வாங்கிய சின்ன கார், தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன். இரண்டு மூன்று மாதமாகவே குழியில் இறங்கினால் முன்பக்க இடது சக்கரத்தில் ‘லொடக் லொடக்’ என்று சத்தம். போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது ஒரு பள்ளத்தில் ‘டக்’கென்று பெரிதாகக் கேட்டது. அப்புறம் ஏதோ இரும்பு இடிக்கிற ஓசை நிற்கவே இல்லை. பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைத் தம்பி குனிந்து பார்த்து, “அக்கா, இது ஒரு பக்கம் கழண்டு தொங்குது” என்று மறுபக்க நட்டையும் கழற்றி, ஒரு கம்பியை என் கையில் கொடுத்துவிட்டார். “இது இல்லாமலே ஓட்டலாம்க்கா, ஒண்ணும் ஆகாது” என்றார். வீடு வரை ஓட்டி வந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் பார்த்துவிட்டு, “இது ஸ்டியரிங் ராடும்மா, வண்டியத் தொடாத” என்கிறார். கம்பி ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம், சுண்டுவிரல் தடிமன். இரண்டு முனையிலும் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் மரை போட்ட போல்ட்டு எல்லாப் பக்கமும் ஆடுகிறது. இன்னொன்று காலி; உள்ளே துரு, விளிம்பில் கிழிந்த ரப்பர். அடுத்த வாரம் அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வால்பாறை போக வேண்டும். இது என்ன பாகம்? வண்டியை எடுக்கலாமா?

பதில்: உங்கள் கையில் இருப்பது ஸ்டெபிலைசர் லிங்க். பட்டறைகளில் ‘லிங்க் ராடு’ என்று கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலை இதற்குக் கிடையாது. பக்கத்தில் இருக்கிற பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். புதியது போடாமல் வால்பாறை போகக் கூடாது.

தம்பி சொன்னதிலும் பாதி சரி, அண்ணன் சொன்னதிலும் பாதி சரி. அதனால் இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். படம் கூட அனுப்பாமல் நீங்கள் எழுதிய நாலு வரியே எனக்குப் போதுமாக இருந்தது. வண்டியிலிருந்து எது கழன்றாலும் அதன் பெயரைத் தேடி அலைய வேண்டாம். அதன் முனைகளைப் பாருங்கள், எங்கே மாட்டியிருந்தது என்று பாருங்கள். ஒரு பாகத்தின் நடுப்பகுதி வெறும் இரும்புதான். அது என்ன வேலை செய்தது என்பதை முனைதான் சொல்லும்.

உங்கள் கம்பிக்கு இரண்டு முனையிலும் கிண்ணம். அதாவது இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு குண்டு உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும். குண்டோடு சேர்ந்த மரைத்தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் நட்டு ஏறும். கிண்ணத்துக்குள் கிரீஸ் இருக்கும். தண்ணீரும் மண்ணும் போகாமல் ஒரு ரப்பர் தொப்பி மூடியிருக்கும்.

ஸ்டியரிங் ராடு, அதாவது டை ராடு எண்ட், இப்படி இருக்காது. அதில் ஒரு முனையில் மட்டும்தான் பால் ஜாயிண்ட். மறுமுனையில் நீளமாக மரை ஓடும், அதன் மேல் ஒரு லாக் நட்டு இருக்கும். வீல் அலைன்மெண்ட் செய்கிறவர் அந்த மரையை முன்னே பின்னே திருப்பித்தான் சக்கரத்தை நேராக்குகிறார். வண்டியில் அது படுத்தவாக்கில், குறுக்காகப் போகும். உங்களுடையது ஏறக்குறைய நின்றவாக்கில் இருந்திருக்கும். அண்ணன் பல வருடம் பஸ் ஓட்டியவர். பால் ஜாயிண்ட் வைத்த கம்பியைக் கண்டதும் ஸ்டியரிங் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை, கனரக வண்டியில் ஸ்டியரிங் ராடின் முனையும் இதே ஜாடைதான். சந்தேகம் வந்ததும் ‘தொடாதே’ என்று சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இன்னொரு சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் வீடு வரை ஓட்டி வந்திருக்கிறீர்கள். டை ராடு கழன்றிருந்தால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, தன் பாட்டுக்கு ஒரு பக்கம் ஒடிந்துகொள்ளும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் கழன்றிருந்தால் சக்கரமே சாய்ந்து, வண்டி மூக்கு குத்தி நின்றிருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

சரி, இந்த லிங்க் ராடு என்ன வேலை செய்கிறது? முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, வண்டிக்கு அடியில் குறுக்காக, ‘ப’ எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி ஒரு இரும்புக் கம்பி போகும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். நடுவில் இரண்டு ரப்பர் புஷ்ஷுக்குள் அது சுழலும். அதன் இரண்டு நுனியையும் இரண்டு பக்க ஷாக் அப்சார்பரோடு சேர்த்துப் பிடிப்பதுதான் லிங்க் ராடு. மேல் முனை ஷாக் அப்சார்பர் உடம்பில் வெல்டிங் செய்த பட்டையில் இருக்கும், கீழ் முனை பாரின் நுனியில்.

வளைவில் திரும்பும்போது வண்டியின் உடம்பு வெளிப்பக்கம் சாயும். வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், உள்பக்க ஸ்பிரிங் விரியும். பாரின் ஒரு நுனி மேலேயும் மறுநுனி கீழேயும் இழுக்கப்பட்டுப் பார் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இரும்பு பழைய நிலைக்கு வரப் பார்க்கும் இல்லையா, அந்த எதிர்ப்புதான் வண்டியை அதிகம் சாயவிடாமல் பிடிக்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் பார் முறுக்காது, புஷ்ஷுக்குள் சும்மா சுழன்றுவிட்டுப் போகும். ஒரு பக்கம் மட்டும் குழியில் இறங்கினால்தான் லிங்குக்கு அடி விழும். லிங்க் தேய்ந்த வண்டி அகலமான வேகத்தடையில் பெரும்பாலும் அமைதியாக ஏறி இறங்கும், கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போகும்போதுதான் லொடலொடக்கும். உங்கள் வண்டி அப்படித்தானே இருந்தது? யோசித்துப் பாருங்கள்.

ஒரு பக்க லிங்க் போனால் மறுபக்க லிங்க் நன்றாக இருந்தும் பயன் இல்லை. ஒரு நுனியை விட்டுவிட்டால் பார் முறுக்க முடியாது. நேர் ரோட்டில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் கேட்கும். தம்பி சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் பெரியவர், குழந்தைகள், டிக்கியில் சாமான். எதிரே பஸ் வந்து சட்டென்று ஒடிக்க வேண்டி வந்தால், வழக்கத்தைவிட வண்டி அதிகம் சாயும், சாய்ந்தது திரும்பி நிமிரவும் நேரம் எடுக்கும். அந்தப் பார் எதற்காக வைத்தார்களோ அந்த வேலை முழுக்க மலை ரோட்டில்தான் இருக்கிறது. நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது குறுக்கே நாய் வந்தாலும் இதே கதைதான்.

பட்டறைக்கு ஓட்டிப் போகும் முன் ஒரு பத்து நிமிடம் செலவழியுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டு எஞ்சினை அணையுங்கள். இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள். காலிக் கிண்ணத்தில் இருந்த குண்டு உங்கள் வண்டியில்தான் இன்னும் இருக்கிறது. ஷாக் அப்சார்பர் பட்டையிலோ, பாரின் நுனியிலோ, கோலிக்குண்டு அளவில் துருவேறிய ஒரு இரும்பு உருண்டை நட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வலது சக்கரத்துக்குப் பின்னால் அதே இடத்தில் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் கம்பியின் ஜோடி அங்கே முழுசாக மாட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் நான் சொன்னதையோ வேறு யார் சொன்னதையோ நம்ப வேண்டிய தேவை இல்லை. கார் என்பது பெரும்பாலும் இடம் வலம் ஒரே மாதிரி செய்த சாமான். சக்கரப் பக்கம் எது கழன்றாலும் மறுபக்கம் அதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வசதி இருந்தும், கழன்ற பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

அங்கே பார்க்கும்போது இன்னும் இரண்டு விஷயம். கம்பி தொங்கியபடி நீங்கள் கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறீர்கள். டயரின் உள்பக்கச் சுவரில் வெட்டோ கீறலோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பிரேக் ஆயில் போகும் கறுப்பு ஹோஸ், ஆக்ஸில் முனையில் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, இரண்டிலும் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் நூல் தெரிகிற வெட்டு இருந்தாலோ, ஹோஸ் ஈரமாக இருந்தாலோ வண்டியை எடுக்க வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தொங்கிய கம்பியை அந்தத் தம்பி கழற்றிக் கொடுத்தது உண்மையில் நல்ல காரியம். அப்படியே விட்டிருந்தால் அது டயரைக் கிழித்திருக்கும்.

பாரின் நுனியைக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வலது பக்கம் அது இன்னும் மாட்டியிருக்கிறது. வலது சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது நுனியும் அசையும், கட்டுக்கம்பி கொஞ்ச தூரத்தில் அறுந்து வேறு எங்காவது சுற்றிக்கொள்ளும். எதையும் கட்டாமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குள், குழி பார்த்து ஓட்டினாலே பட்டறை வரை போகப் போதும்.

இது ஏன் கழன்றது என்பதையும் உங்கள் கம்பியே சொல்கிறது. இரண்டு முனையிலும் போல்ட்டு முழுசாக இருந்து, மரை பளிச்சென்று இருந்திருந்தால், யாரோ சஸ்பென்ஷன் வேலை செய்துவிட்டு நட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று அர்த்தம். உங்களுடையது அந்த ரகம் இல்லை. ரப்பர் தொப்பி எப்போதோ கிழிந்திருக்கிறது. தண்ணீர் புகுந்து கிரீஸை அடித்துக்கொண்டு போய்விட்டது. குண்டும் கிண்ணமும் உலர்ந்து தேய்ந்து ஆட ஆரம்பித்தன. உங்களுக்குக் கேட்ட அந்த லொடக் லொடக் அதுதான். கடைசியில் பள்ளத்தில் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. தொண்ணூறாயிரம் கிலோமீட்டர், அதுவும் நம் ரோட்டில் ஓடிய லிங்குக்கு இது சாதாரணச் சாவு. உங்கள் ஓட்டுதலில் குறை இல்லை.

இப்போது வாங்குவதும் மாட்டுவதும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வலது லிங்கும் அதே தூரம் ஓடியதுதான். விலை பெரிதாக ஒன்றும் இல்லை, பெரும்பாலான சின்ன கார்களுக்கு ஒன்று சில நூறு ரூபாயில் கிடைக்கும், கம்பெனி பெட்டியில் வருவது கூடுதலாக இருக்கும். ஸ்பேர்ஸ் கடைக்குப் போகும்போது பழைய கம்பியையும் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரே பெயரில் வரும் காரிலேயே மாடல் மாறும்போது லிங்கின் நீளம் மாறுவது உண்டு. கடையிலேயே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிண்ணத்தின் நடுவிலிருந்து மறு கிண்ணத்தின் நடு வரை ஒத்துப் பாருங்கள். பழைய பாகத்தில் நம்பர் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. ஹூண்டாய், கியா வண்டிகளில் பாக நம்பரின் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். 54830 என்று ஆரம்பித்தால் முன் ஸ்டெபிலைசர் லிங்க். டொயோட்டாவில் அதற்கு 48820. துருவைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அழிந்த எண்ணும் சில சமயம் தெரியும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய உதிரிபாகம் வாங்கிப் பழகியவர்கள் இதையும் அங்கே கேட்பார்கள். கதவு, பம்பர், கண்ணாடி என்றால் தாராளமாக வாங்கலாம். பால் ஜாயிண்ட் உள்ள எதையும் பழையதாக வாங்குவதில் அர்த்தம் இல்லை, அதில் தேய்வதே அந்த ஜாயிண்ட்தான்.

மாட்டும்போது நடக்கிற கூத்து ஒன்று உண்டு. மெக்கானிக் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கழற்றுவார். இடது சக்கரம் தொங்கும், வலது சக்கரம் தரையில் அமுங்கியிருக்கும். பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். புது லிங்கின் போல்ட்டு ஓட்டைக்கு நேராக வராது. கடப்பாரை போட்டு நெம்பி உள்ளே தள்ளுவார்கள். முன்பக்கம் இரண்டையும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தால் முறுக்கு இருக்காது, போல்ட்டு கையாலேயே உள்ளே போகும். ‘ரெண்டு பக்கமும் தூக்கிடுங்கண்ணே’ என்று நீங்களே சொல்லலாம். பழைய நட்டைக் கழற்றும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றும். அதன் நுனியில் ஆலன் கீ போட ஒரு குழி இருக்கும், அல்லது கிண்ணத்தை ஒட்டி ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். அங்கே பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். துரு பிடித்து மசியவே மசியாவிட்டால் வெட்டி எடுக்கலாம், ஆனால் கேஸ் வெல்டிங் தீ வேண்டாம். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் இருக்கிறது. புது லிங்கோடு வரும் புது நட்டைத்தான் போட வேண்டும், பழையதைத் திருப்பி மாட்டக் கூடாது. கைதேர்ந்தவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேர வேலை கூட இல்லை.

லிங்க் மாற்றினால் வீல் அலைன்மெண்ட் செய்ய வேண்டியதில்லை. சக்கரத்தின் கோணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பில்லில் அது இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். டை ராடு மாற்றியிருந்தால் அது வேறு விஷயம், அப்போது கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

இந்தப் பதிலைப் படிக்கிற மற்றவர்களில் சிலர் பழைய மாருதி 800 வைத்திருக்கலாம். உங்களுக்கு மேலே எழுதிய சலுகை கிடையாது. அந்த வண்டியில் தனி லிங்க் ராடு இல்லை. பாரின் நுனியே நேராக லோயர் ஆர்மில் போய்ச் சேரும், சக்கரம் முன்னே பின்னே போகாமல் பிடிப்பதும் அந்தப் பார்தான். அங்கே நட்டு கழன்றாலோ புஷ் போனாலோ பிரேக் அடிக்கும்போது சக்கரம் இடம் மாறி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இப்படி ஏதோ ஒன்று விழுந்துவிட்டது என்பதுதான், அதனால் போகிற போக்கில் சில. சக்கரத்தின் நட்டு ஒன்று காணவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி மற்ற நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். இரண்டு ஓட்டை உள்ள தடித்த ரப்பர் வளையம் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர். ஒன்று போனால் மீதி ரப்பருக்குப் பாரம் ஏறும், சீக்கிரம் மாட்டிவிடுங்கள். சுண்டுவிரல் அகலத்தில் கனமான சாம்பல் நிறத் துண்டு, பின்னால் கிளிப்போ பசையோ இருந்தால் அது வீல் பேலன்ஸிங் எடை. எண்பது தொட்டால் ஸ்டியரிங் நடுங்கும், அவ்வளவுதான். கறுப்புப் பிளாஸ்டிக் ஆணி என்றால், அது வண்டிக்கு அடியில் இருக்கும் கவரிலிருந்து வந்தது. அது ஒன்று போனால் பரவாயில்லை என்று விடுவார்கள், பிறகு கவரே தரையில் இழுபடும். மெல்லிய தகடு சைலன்சர் பக்கத்திலிருந்து விழுந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், சூட்டைத் தடுக்க வைத்த தகடு அது. வளைந்து நெளிந்த மெல்லிய ஸ்பிரிங் தகடு பிரேக் பேடின் கிளிப்பாக இருக்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வைக்க வேண்டாம். படம் எடுத்து அனுப்புவதானால் பாகத்தின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் அளவு எனக்குப் புரிந்துவிடும். இரண்டு முனையையும் தனித்தனியாக எடுங்கள். முழுப் பாகத்தையும் தூரத்திலிருந்து எடுத்த ஒரே படத்தில் ஒன்றும் தெரியாது.

உங்களுக்கு மறுபடியும். புது லிங்க் போட்ட அன்றே மலைக்குக் கிளம்பாமல், நடுவில் ஒரு நாள் விட்டு ஊருக்குள் கரடுமுரடான தெருவாகப் பார்த்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் முழுக்கப் போயிருக்க வேண்டும். பாதிதான் போயிருக்கிறது என்றால் பாரைப் பிடிக்கும் இரண்டு ரப்பர் புஷ்ஷையும், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் ஒடிக்கும்போது மேலே ‘டொக்’கென்று கேட்டால் முதலில் அந்த மவுண்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.